உன் அக்கா திறந்து தந்த மடிக்கணினி

அய்யா,

போன வெள்ளிக்கிழமை நீ கட்டிக்கொள்ளப்போகிற பிள்ளையும் அவள் அம்மாவும் புதியம்புத்தூரிலிருந்து சேலை எடுக்கக் கோவில்பட்டிக்கு வந்திருந்தார்கள். வெயில் தாளாமல் நம் வீட்டுக்கு வந்து கொஞ்சம் உட்கார்ந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிக்கலாமா என்று அவள் அம்மா தயங்கினாள். நான்தான் கையைப் பிடித்து உள்ளே அழைத்தேன். அந்தப் பிள்ளை தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே சுவரில் மாலை போட்டிருக்கும் படத்தைப் பார்த்தாள். "இது யாரு அத்தை?" என்றாள்.

அவள் அம்மா அவளை விலாவில் இடித்ததை நான் கவனித்தேன். தரகர் சொல்லிப் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. "எங்க மூத்தவ. செண்பகம்" என்றேன். "அவிய ஒரு நா கூட சொல்லலியே அத்தை. தெனமும் போன்ல பேசுதாவ. கூடப் பொறந்த அக்கா இருந்தாங்கன்னு ஒரு வார்த்தை வரலியே" என்றாள். மோர் கொண்டுவருகிறேன் என்று நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ எந்த நாளிலிருந்து அக்கா பேரைச் சொல்வதை விட்டாய் என்று எனக்குத் தெரியும். யார் வாயிலிருந்து விழுந்த சொல்லால் விட்டாய் என்பதும் தெரியும். போனில் அவள் பேச்சை எடுத்தாலே, "சரிம்மா, பெறகு பேசுதேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் திரும்ப எடுத்துப் படிக்கலாம். அதனால் எழுதுகிறேன்.

அக்காவுக்குச் சின்ன வயதில் வந்த மூட்டுக்காய்ச்சல் உனக்கு நினைவிருக்காது. நீ அப்போது கைக்குழந்தை. முழங்கால் வீங்கி ஒரு வாரம் படுத்தாள். பிறகு எழுந்து ஓடினாள். சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தோம். பெரிய பெண்ணான பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. மதுரையில் காட்டினோம். அந்தக் காய்ச்சல் முழங்காலை விட்டுவிட்டு இருதயத்தில் போய் உட்கார்ந்துகொண்டது, வால்வு சுருங்கியிருக்கிறது என்றார்கள். அதன் பிறகு மாதம் தவறாமல் பென்சிலின் ஊசி. ஊசி போட்ட அன்றைக்கு நொண்டிக்கொண்டே வருவாள். "என்னட்டி, வலிக்கா?" என்றால், "ஊசிக்கு வலிக்கும், எனக்கென்ன" என்பாள்.

நீ ஒன்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன்னைப் படிக்கவைப்பதற்காக அவள் படிப்பை நிறுத்தினாள் என்று. நீ வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனாலும் எனக்குத் தெரியும். அது அப்படி இல்லையப்பா. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்து ஒரு வருஷம் படித்தாள். இரண்டாம் வருஷம் வகுப்பு மேல்மாடிக்குப் போனது. படியில் இரண்டு தடவை மயங்கி விழுந்தாள். உதடெல்லாம் நீலம் பாரித்துப்போய் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். அப்புறம் அவளாகவே, "போதும்மா" என்றாள். அன்றைக்குப் புத்தகங்களைப் பரணில் ஏற்றச் சொல்லிவிட்டுக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். குழாய்ச் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது. நான் கதவைத் தட்டவில்லை. வெளியே வந்து, "கண்ணுல சோப்பு பட்டுட்டு" என்றாள். சரி என்றேன். ஆசைப்பட்டது கிடைக்காத வருத்தம் அவளுக்கு இருந்தது. அது அவளுடைய உடம்போடு அவளுக்கிருந்த வழக்கு. உன்னோடு இல்லை.

பிறகுதான் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அண்ணாச்சியின் டி.டி.பி. கடையில் சேர்ந்தாள். தரைத்தளம். உட்கார்ந்து செய்கிற வேலை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோவில் கொடைவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவள் விரல்வழியாகத்தான் ஊருக்குள் போயின. எழுத்துப்பிழை கண்டால் அவளுக்கு ஆகாது. சுவரில் ஒட்டியிருக்கிற போஸ்டரைப் பார்த்து நடுத்தெருவில் நின்றுவிடுவாள். "பாரும்மா, கண்ணீர்ல மூணு சுழி ண போடல. செத்தவரு எந்திரிச்சு வந்து அடிக்க மாட்டாருன்னு தைரியம்" என்பாள். நான் அவள் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு வருவேன்.

உனக்குக் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சீட்டு கிடைத்ததும், மடிக்கணினி வாங்கியே ஆக வேண்டும் என்று அப்பாவிடம் ஒற்றைக்காலில் நின்றவள் அவள். நீ கேட்கவே இல்லை. பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்கிற கடைக்காரருக்கு மடிக்கணினியைப் பற்றி என்ன தெரியும். ஆனாலும் மதுரைக்கு உன்னைக் கூட்டிப்போய் வாங்கிவந்தார். வரும்போது நடத்துனர் பெட்டியை மேலே வைக்கச் சொன்னாராம். "மடியில வைக்கதுக்குத்தானய்யா இதுக்கு அந்தப் பேரு வச்சிருக்கான்" என்று கோவில்பட்டி வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். நீ சொல்லித்தான் தெரியும். அவள் அதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டுக்குப் பிறகு பெட்டியைப் பிரித்தீர்கள். அந்த மத்தியானத்தை நான் எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. உனக்கு அது எவ்வளவு நினைவிருக்கிறதோ. அப்பா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். "எப்பா, பெட்டிக்கு மேல வைங்க. மெஷின்ல தண்ணி பட்டா அதோட சோலி முடிஞ்சுது" என்று அக்கா அலறினாள். அட்டைப்பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் ஆனது. உன்னைக் கைகழுவிவிட்டு வரச் சொன்னாள். நீ வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தாய். "ஏலே, சாம்பார்க் கை! சோப்புப் போட்டுக் கழுவு" என்று திருப்பி அனுப்பினாள்.

முக்காலியில் அதை வைத்து, அவள் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். அப்போதெல்லாம் அவளால் சாயாமல் உட்கார முடியாது. முதலில் சார்ஜ் ஏற வேண்டும் என்று உங்கள் இருவரையும் பொறுக்கச் சொன்னது அது. மின்சாரம் வேறு இறங்கி இறங்கி வந்தது. மின்விசிறி நின்று நின்று சுற்றும். நீ பொத்தானை அமுக்கப் போவாய், அவள் கையைத் தட்டிவிடுவாள். ஒருவழியாகத் திரை விழித்தது. பேர் கேட்டது. நீ உன் பேரை ஆங்கிலத்தில் அடித்தாய். எந்த நாடு, மணி என்ன என்றெல்லாம் அது கேட்கக் கேட்க அவள் வாசித்துச் சொன்னாள், நீ தட்டினாய். எல்லாம் முடிந்ததும் பச்சைப் பசேலென்று ஒரு மேடும் அதன்மேல் நீல வானமுமாகப் படம் வந்தது. நான் நாகலாபுரத்தில் வானம் பார்த்த பூமியில் பிறந்தவள். "இது எந்த ஊருட்டி? இம்புட்டு மழை எங்கன பெய்யுது?" என்று கேட்டேன். "தெரியலம்மா. உன் மகன் படிச்சு வேலைக்குப் போனதும் கூட்டிட்டுப் போவான்" என்றாள். பிறகு, "நம்ம மூணு பேரையும்" என்றாள். நம்ம நாலு பேரும் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? எனக்கு அப்போது அது தைக்கவில்லை. பின்னால்தான் தைத்தது. அவள் உன்னை விட்டுவிட்டு எண்ணினாளா, அவளையே விட்டுவிட்டாளா என்று இன்றைக்கும் தெரியாது.

அப்புறம் கடையிலிருந்து கொண்டுவந்த குறுந்தகட்டைப் போட்டுத் தமிழ் எழுத்துகளை ஏற்றினாள். "அக்கா, காலேஜ்ல எல்லாம் இங்கிலீஷ்தான். இது எதுக்கு?" என்றாய். "நீ இங்கிலீஷ்ல மெயில் போட்டா அம்மாவும் அப்பாவும் யாருகிட்ட போய்ப் படிக்க? தமிழ்ல எழுது. நான் கடையில பிரிண்ட் எடுத்து அம்மாட்டக் குடுக்கேன்" என்றாள். எந்தச் சாவிக்கு எந்த எழுத்து என்று உன் விரலைப் பிடித்துப் பிடித்து வைத்தாள். நீ 'அம்மா' என்று அடிக்கப்போக அது 'அமமா' என்று வந்தது. "புள்ளி வைக்காம அம்மாவ ஊமையாக்கிட்டியேலே" என்றாள். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் நீ தடுமாறாமல் ஒரு வரி அடித்துவிட்டாய். அவள் களைத்துப்போய் அப்படியே தரையில் படுத்தாள். நான் தலையணை கொடுத்தேன். முகமெல்லாம் வேர்த்திருந்தது. ஆனால் அய்யா, அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எதையோ தியாகம் செய்கிறவளின் முகம் இல்லை அது. தனக்குத் தெரிந்த வேலையைத் தனக்குப் பிடித்தவனுக்குச் செய்து முடித்தவளின் முகம்.

அவளுக்கு ஆபரேஷன் நாள் குறித்ததும் உன் கல்லூரி திறந்ததும் ஒரே வாரம். நீ பிந்திச் சேர்ந்துகொள்கிறேன் என்றாய். அவள் விடவில்லை. "நீ இங்கன நின்னு என்ன செய்யப்போற? டாக்டருக்குக் கத்தி எடுத்துக் குடுக்கப்போறியா?" என்றாள். நீ போய்ப் பேருந்தில் ஏறும்வரை சிரித்துக்கொண்டே நின்றாள். நீ என்றைக்காவது என்னிடம் கேட்பாய், அக்கா பயந்தாளா என்று. நீ கேட்காமலே சொல்கிறேன். பயந்தாள். மதுரை ஆஸ்பத்திரியில், ஆபரேஷனுக்கு முதல்நாள் சாயங்காலம் என் முந்தானையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தாள். "எம்மா, பயமா இருக்கு. நெஞ்சத் திறந்து மூடுவாங்களாம். தம்பிகிட்ட நான் பயந்தேன்னு சொல்லிராத, அவன் கிளம்பி வந்துருவான்" என்றாள். நான் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்ய? பயப்படாதே என்று நான் சொல்லவில்லை. எனக்கே பயமாக இருந்தபோது எப்படிச் சொல்வது. "எனக்கும்தான்டி" என்றேன். அதைக் கேட்டபின் கொஞ்சம் அமைதியானாள்.

ஆபரேஷன் முடிந்து கண்ணைத் திறந்தாள். வாயில் குழாய் இருந்ததால் பேச முடியவில்லை. நான் போய் நின்றதும் புருவத்தை உயர்த்தினாள். "போய்ச் சேந்துட்டான், ஹாஸ்டல்ல இடம் குடுத்துட்டாங்க" என்றேன். கண்ணை மூடித் திறந்தாள். அவள் உன்னைத்தான் கேட்டாள் என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதே. தாய்க்குத் தெரியும். அதற்கு மறுநாள் அவள் இருதயம் ஓய்ந்துவிட்டது. பெரிய டாக்டரே வெளியே வந்து, அப்பாவின் தோளில் கை வைத்தார். வெகுநாளாகப் பாரம் சுமந்து நைந்துபோன இருதயம், எங்களால் ஆனதைச் செய்தோம் என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. யாரையும் குற்றம் சொல்ல எனக்கு இடம் இல்லை. இருந்திருந்தால் ஒருவேளை இதைத் தாங்குவது சுலபமாக இருந்திருக்குமோ என்னவோ.

நீ வகுப்பிலிருந்து அப்படியே கிளம்பி வந்தாய். மடிக்கணினிப் பை தோளில் தொங்கியது. அதைக் கழற்றக்கூட உனக்குத் தோன்றவில்லை. அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். அப்போதுதான் டி.டி.பி. கடை அண்ணாச்சி வந்தார். போஸ்டர் அடிக்க வேண்டும். கடையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார், முடியவில்லை. "தம்பி, அந்தப் பிள்ளை உக்காந்த நாற்காலியில உக்காந்து அந்தப் பிள்ளை பேரையே அடிக்க எனக்கு விரல் ஓடமாட்டேங்கு" என்று வாசலில் நின்று அழுதார். வெளியாளிடம் கொடுத்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். நீ கூடத்து மூலையில் அந்த முக்காலியை இழுத்துப் போட்டாய். பையைத் திறந்தாய். அடித்தாய்.

நான் அவள் தலைமாட்டில் இருந்தேன். அங்கிருந்து உன் முதுகும் திரையும் எனக்குத் தெரிந்தன. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாய். 'கண்ணீர்' என்று அடித்துவிட்டு நிறுத்தினாய். திரும்பப் பார்த்தாய். செண்பகவல்லி என்ற பேரை அடித்தாய், அழித்தாய், மறுபடி அடித்தாய். அண்ணாச்சி பென்டிரைவில் கொண்டுவந்திருந்த படத்தைச் சேர்த்தாய். கடையில் அவள் சிரித்துக்கொண்டிருந்த படம். ஒரு பிழை இல்லை. அவள் இருந்து திருத்தினாலும் கை வைக்க இடம் இருந்திருக்காது.

அந்த நேரத்தில்தான் உன் பெரியப்பா, "கூடப் பொறந்தவ பிணமாக் கெடக்கா, இவன் மூலையில கம்ப்யூட்டரைத் தட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். கல்லு நெஞ்சுடா" என்றார். கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. உன் முதுகு ஒருதரம் குலுங்கியது. நீ திரும்பவில்லை. முடித்துவிட்டுத்தான் எழுந்தாய். அதன் பிறகு நீ அழவில்லை. சுடுகாட்டில்கூட அழவில்லை என்று அப்பா சொன்னார். அன்றைக்கு மூடியதுதான் உன் வாய். அவர் விவரம் தெரியாதவர். நீ விளையாடுகிறாய் என்றே நினைத்திருப்பார். சுவரில் ஒட்டியதைப் பார்த்தபிறகு அவருக்குப் புரிந்தது. ஆனால் வந்து உன்னிடம் சொல்கிற மனசு அவருக்கு வரவில்லை. பெரியவர்கள் பலருக்கு வராது. நீ அதற்காகக் காத்திருக்க வேண்டாம். நான் சொல்கிறேன். அந்த வீட்டில் அன்றைக்கு நாங்கள் எல்லோரும் அழத்தான் செய்தோம். அவளுக்கு வேண்டியதைச் செய்தவன் நீ ஒருவன்தான்.

பதினாறாம் நாள் முடிந்ததும் நீ மடிக்கணினியை வைத்துவிட்டு வெறுங்கையோடு கல்லூரிக்குப் போனாய். அப்பா ஒரு மாதம் பொறுத்தார். பிறகு ஒருநாள் கடையைச் சாத்திவிட்டு அதை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் வந்தார், கொடுத்துவிட்டு அன்றைக்கே திரும்பினார். உங்களுக்குள் என்ன பேச்சு நடந்தது என்று நான் கேட்டதில்லை. நீ அதில்தான் படித்தாய், அதில்தான் புராஜெக்ட் செய்தாய் என்று தெரியும். தமிழில் மட்டும் ஒரு மெயிலும் வரவில்லை. வந்திருந்தாலும் பிரிண்ட் எடுத்துத் தர ஆள் இல்லை.

தை பிறந்தால் உனக்குக் கல்யாணம். பெண்டாட்டியிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று புத்தி சொல்ல எனக்குத் தெரியாது. சம்பாத்தியம், சண்டை, சமாதானம் எல்லாம் நீங்களே படித்துக்கொள்வீர்கள். ஒன்றே ஒன்றுதான். துக்கத்தைப் பூட்டி வைத்திருக்கிறவனோடு குடித்தனம் நடத்துகிறவளுக்குப் பூட்டு மட்டும்தான் தெரியும். உள்ளே இருப்பது என்னவென்று தெரியாமல், தன்மேல்தான் கோபமோ என்று நினைத்துக்கொள்வாள். அது எனக்கு நன்றாகத் தெரியும். உன் அப்பாவும் அப்படித்தான். நான் செண்பகம் என்று ஆரம்பித்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விடுகிறார். கடையில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுகிறார் என்று எடைபோடுகிற பையன் சொன்னான். வீட்டில் அழுதால் நானும் சேர்ந்து அழுவேனே, அது அவருக்குத் தெரியவில்லை.

அந்தப் பிள்ளையிடம் நீயே சொல். எப்படிச் செத்தாள் என்பதிலிருந்து ஆரம்பிக்காதே. எப்படி இருந்தாள் என்று சொல். ரசம் வைத்தால் வாயில் வைக்க முடியாது என்று சொல். தாயம் விளையாடினால் காயை நகர்த்தி ஏமாற்றுவாள், பிடிபட்டால் மூச்சு வாங்குகிறது என்று நடிப்பாள் என்று சொல். நீ முதன்முதலில் மீசையை மழித்துக்கொண்டு வந்தபோது ஒரு நாள் முழுக்க உன்னைப் பெண்பிள்ளையைக் கூப்பிடுவதுபோல 'ஏட்டி' என்று கூப்பிட்டாளே, அதைச் சொல். அந்தப் பிள்ளை சிரிப்பாள். பிறகு இன்னும் கேட்பாள். உனக்குத் தெரியாததைக் கேட்டாளானால் என்னிடம் கூட்டிக்கொண்டு வா. ராத்திரி பகல் எந்நேரமானாலும் சரி. நான் அவளுக்கு ஒன்று விடாமல் சொல்வேன்.

எனக்கும் சொல்லணும் போல இருக்கிறதய்யா. இந்த வீட்டில் அவளைப் பற்றிப் பேச எனக்கு ஆள் இல்லை.

அம்மா